மூச்சுக்கு இடம்

2024 கோடையில் நான் படுத்துத் தூங்குவதையே விட்டிருந்தேன். மல்லாந்து படுத்தால் அடுத்த மூச்சு வராது என்ற பயம் வந்துவிடும். இடது பக்கம் ஒருக்களித்தால் கொஞ்சம் தேவலை. வலது பக்கம் திரும்பினால் இருமல் பிடித்துக்கொள்ளும், விடாது. பட்டாசலில் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, மடியில் இரண்டு தலையணையை அடுக்கி, அதில் கவிழ்ந்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். கோவில்பட்டி வெயில் ராத்திரியானாலும் சுவரை விட்டு இறங்காது. பின்னிரவில் கடக்கிற ரயில்களின் சத்தத்தை வைத்து மணி என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்வேன்.

பகலில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். துணி வெட்டக் குனிய முடியாது. அளவு கொடுக்க வரும் பெண்களிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச வராது. அவர்களும் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவசரமில்லக்கா, மெதுவாத் தைங்க" என்று துணியை வைத்துவிட்டுப் போவார்கள். சிலர் மறுநாள் வந்து துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் கல்யாணம், காட்சி இருக்கிறது.

எனக்கு அப்போது வயது 52. 2016-இல் இடது மார்பில் கட்டி கண்டு, மார்பையும் அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்து, கீமோவில் சிவப்பு மருந்து ஏற்றி, மயிர் கொட்டி முளைத்து, கதிர்வீச்சுக் கரண்டும் வைத்து, ஐந்து வருடம் தமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிட்டு முடித்தவள் நான். எல்லாம் முடிந்தது என்று சொந்தபந்தம் மொத்தமும் சொன்னது. குலதெய்வத்துக்குப் பொங்கல்கூட வைத்தோம். 2023-இல் தீராத முதுகுவலி என்று போய்ப் பார்த்தால், முதுகெலும்பில் வந்திருந்தது. ஹார்மோன் சார்ந்த மார்புப் புற்று அப்படித்தான். பத்து வருடம் கழித்தும் வரும், இருபது வருடம் கழித்தும் வரும். முதல் வைத்தியம் முடிந்த நாளில் இதை யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நல்லதும் நடந்திருந்தது. பால்போசிக்ளிப் என்ற மாத்திரையின் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜனவரியில் முடிந்து, உள்ளூர்க் கம்பெனிகள் அதைத் தயாரிக்க ஆரம்பித்திருந்தன. அதுவரை எங்களைப் போன்றவர்கள் விலையைக் கேட்டுவிட்டு எழுந்து வரவேண்டிய மருந்து அது. இருபத்தொரு நாள் சாப்பிட்டு ஏழு நாள் விடவேண்டும். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்குகின்றனவா என்று அடிக்கடி பார்க்கவேண்டும். அதோடு லெட்ரோசோல், எலும்புக்கு ஓர் ஊசி. முதுகுவலி தணிந்து நான் மறுபடி மெஷினில் உட்கார்ந்தேன். ஏறக்குறைய ஒரு வருடம் அப்படி ஓடியது. அதற்குப் பிறகுதான் இந்த மூச்சு.

பக்கத்து ஊரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் அண்ணனை மட்டும் வெளியே கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. உள்ளே வந்தவர், "ஒண்ணுமில்ல தாயி, நெஞ்சுல சளி கட்டியிருக்காம். எடுத்துட்டா சரியாப் போயிரும்" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதி என்னைப் படிக்க வைத்தவர், கட்டிக் கொடுத்தவர். அவரிடம் பொய்யைச் சுமக்கக் கொடுத்து அனுப்பிய டாக்டர் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் தீரவில்லை. நெஞ்சு என்னுடையது, எக்ஸ்ரே என்னுடையது, அதில் இருக்கிற செய்தியை மட்டும் ஏன் வராந்தாவில் வைத்துக் கொடுக்கவேண்டும்?

அன்றே ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஸ்டூலில் உட்கார வைத்து, முன்னால் மேசையில் தலையணை வைத்து, அதில் கையைப் போட்டுக் குனியச் சொன்னார்கள். முதுகில் மரப்பு ஊசி, பிறகு பெரிய ஊசி. வலி பெரிதில்லை, ஏதோ அழுத்துவது மட்டும் தெரிந்தது. பாட்டிலில் இறங்கியது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. இப்படிச் சளியை நான் பார்த்ததில்லை. ஒரு லிட்டர் தாண்டியதும் இருமல் வந்தது, நிறுத்திவிட்டார்கள். ஒரே நேரத்தில் அதற்கு மேல் எடுத்தால், சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்து அதற்குள்ளேயே நீர் கோத்துவிடும் ஆபத்து உண்டாம். அன்று ராத்திரி நான் படுத்துத் தூங்கினேன். பத்து நாளைக்குள் பழையபடி நாற்காலிக்கு வந்துவிட்டேன்.

பரிசோதனைக்குப் போன நீரின் ரிப்போர்ட்டை என் மகளை விட்டுப் படிக்கச் சொன்னேன். திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கிறாள். முதலில் மௌனமாகப் படித்தாள். "சத்தமாப் படி" என்றேன். படித்தாள். நீரில் புற்றணுக்கள் இருக்கின்றன, மார்பில் இருந்த அதே வகை. படித்து முடித்ததும் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அண்ணனுக்கு நான்தான் போன் செய்து, "எனக்குத் தெரியும்ண்ணே, இனிமே நீ ஒண்ணும் சமாளிக்க வேண்டாம்" என்றேன். அந்தப் பக்கம் அவர் அழுததைக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை.

மதுரையில் புற்றுநோய் பார்க்கும் டாக்டரிடம் போனோம். என்னைவிடச் சின்ன வயதுப் பெண். என் வீட்டுக்காரர், அண்ணன் எல்லோரும் இருக்கும்போதே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, உங்களுக்கு எவ்வளவு தெரியணும்?" என்று கேட்டார். எல்லாம் தெரியவேண்டும் என்றேன். ஒரு தாளில் படம் வரைந்தார். நுரையீரலைச் சுற்றி இரண்டு உறைகள், நடுவே வழவழப்புக்காகச் சில தேக்கரண்டி நீர். அது சுரப்பதும் வடிவதும் ஓயாமல் நடக்கிற வேலை. வடிகால்களைப் புற்றணுக்கள் அடைத்துவிட்டால் நீர் தங்கிப்போகும், ரத்தக்குழாய்களும் கசிய ஆரம்பிக்கும். எடுக்க எடுக்க ஊறும். "குணமாக்க முடியாதும்மா. கட்டுப்படுத்தி வைக்கலாம். உங்க மூச்சை மட்டும் கண்டிப்பாச் சரிபண்ணலாம்" என்றார்.

மார்பிலிருந்த நோய் ஏன் முதுகெலும்புக்கும் நுரையீரல் உறைக்கும் போகிறது, கைக்கோ காலுக்கோ ஏன் போவதில்லை என்று கேட்டேன். இதே கேள்வியை 1889-இல் லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற சர்ஜன் கேட்டிருக்கிறார். மார்புப் புற்றில் இறந்துபோன 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, விதை எங்கும் சிதறினாலும் தோதான நிலத்தில்தான் முளைக்கிறது என்று எழுதினார். எனக்கு அது ஆறுதல் இல்லை. ஆனாலும் அந்த 735 பெண்களையும் நினைத்துக்கொண்டேன். அவர்கள் யாருக்கும் பெயர் இல்லை. அவர்கள் மூச்சுக்கு அன்றைக்கு என்ன செய்திருப்பார்கள்?

எனக்குச் செய்தது இது. இடது விலாவில், இரண்டு எலும்புகளுக்கு நடுவே சின்னதாகக் கீறி ஒரு குழாயை உள்ளே விட்டு, கறுப்புப் பட்டு நூலால் தோலோடு சேர்த்துக் கட்டினார்கள். குழாயின் மறுமுனை தரையில் இருந்த பாட்டிலுக்குள், தண்ணீருக்கடியில் முங்கியிருந்தது. நீரும் காற்றும் வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே போக முடியாது. நான் மூச்சை இழுத்தால் குழாயில் தண்ணீர் மட்டம் ஏறும், விட்டால் இறங்கும். முதல் நாள் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நான் உயிரோடு இருப்பதை எனக்கு வெளியே வைத்துக் காட்டுகிற பொருளாக அது இருந்தது. நர்ஸ் பாட்டிலில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, காலையும் மாலையும் மட்டத்தைக் கோடு போட்டு நேரம் எழுதுவார். காசு விஷயம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஓடியது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை என்பதால் கடன் வாங்காமல் கட்டிலில் படுக்க முடிந்தது.

பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கவேண்டும், சாயக்கூடாது. கக்கூஸுக்குப் போனாலும் கையில் தூக்கிக்கொண்டு போகவேண்டும். என் மதினி இரண்டாம் நாளே வீட்டிலிருந்து ஒரு வயர் கூடையைக் கொண்டு வந்தாள். பச்சையும் வெள்ளையுமாக அவளே பின்னியது. பாட்டில் அதில் கச்சிதமாக நின்றது. அதைப் பார்த்துவிட்டு எதிர்க் கட்டில் பெண்ணின் மகனும் கடைக்குப் போய் ஒரு வயர் கூடை வாங்கி வந்தான்.

துணி விஷயத்தில் மட்டும் வழியே இல்லாமல் இருந்தது. நைட்டி போட்டால் குழாயைக் கழுத்து வழியாக இழுக்கவேண்டும், இல்லையென்றால் அடியிலிருந்து தூக்கவேண்டும். ஒவ்வொரு தடவை கட்டுப் பிரிக்கும்போதும் திரையை இழுத்துவிட்டு மொத்தத் துணியையும் கழற்றுவார்கள். ஒரு பக்கம் மார்பு இல்லாத உடம்பை ஹவுஸ் சர்ஜன்கள், மாணவர்கள், வார்டுபாய் எல்லோரும் பார்க்கிறார்கள். அவர்கள் தப்பாகப் பார்ப்பதில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் உடம்பு கூசும். மகளிடம் சொல்லி என் பழைய பருத்தி நைட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் பக்கத் தையலைப் பிரித்தோம். ஓரத்தை மடித்து, நாலு ஜோடி நாடா வைத்து, கட்டிலில் உட்கார்ந்தபடி நானே கையால் தைத்தேன். மேல் நாடா இரண்டை அவிழ்த்தால் கட்டுப் போட்ட இடம் மட்டும் தெரியும், குழாய் இரண்டாவது நாடாவுக்குக் கீழே வெளியே வரும். நர்ஸ் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை ஏன்க்கா இங்க யாரும் தைச்சு வைக்கல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோடிக்கணக்கில் மெஷின் வாங்குகிற இடங்களில், பக்கம் திறக்கிற ஒரு நைட்டியைப் பற்றி யோசிக்க ஆள் இல்லை.

நீர் வடிந்து நுரையீரல் விரிந்ததும் பொடி போடவேண்டும் என்றார்கள். சுத்திகரித்த டால்க் பொடியை உப்புநீரில் கரைத்து, மரப்பு மருந்தும் கலந்து, குழாய் வழியாக உள்ளே ஏற்றி, குழாயைக் கொஞ்ச நேரம் கிளிப் போட்டு அடைத்து வைப்பார்கள். பொடி இரண்டு உறைகளையும் உறுத்திப் புண்ணாக்கும். புண் ஆறும்போது இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நடுவில் நீர் தங்க இடமே இருக்காது.

இந்த முறையை முதலில் எழுதி வெளியிட்டவர் யார் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியம். பழைய யூனியன்காரர், தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர், அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவர். "நார்மன் பெத்யூன்தான்" என்றார். கனடாக்காரர். காசநோய் வந்து, தன் நுரையீரலுக்கே காற்றடைத்துச் சுருக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்து, அப்படிச் செய்துகொண்டு பிழைத்தவர். 1935-இல் டால்க் பொடி முறையை எழுதினார். பிறகு ஸ்பெயின் போர்முனைக்கு ரத்தம் கொண்டு போனார், அங்கிருந்து சீனா. ஆபரேஷன் செய்யும்போது விரலில் வெட்டிக்கொண்டு, அது சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்து 1939 நவம்பரில் இறந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் இதையெல்லாம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. எனக்கும் அது போதுமாக இருந்தது. தானே நெஞ்சுநோய்க்காரனாகப் படுத்துக் கிடந்தவன் எழுதிய வைத்தியம் என் நெஞ்சுக்குள் போகிறது என்பதில் ஒரு தைரியம் வந்தது.

ஆனால் வலியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. "கொஞ்சம் எரிச்சல் இருக்கும்" என்றதோடு சரி. பொடி உள்ளே போன சிறிது நேரத்தில் இடது பக்கம் முழுக்க, தோள்பட்டை வரைக்கும் பற்றிக்கொண்டது. மூச்சை இழுத்தால் வலி, இழுக்காமல் இருக்க முடியாது. மூன்று பிள்ளை பெற்ற மதினியே என் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போனாள். இரவு காய்ச்சல் வந்தது. பொடி வேலை செய்கிறது என்பதற்கு அதுவும் அடையாளம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. இரவு டியூட்டியில் இருந்தவர் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று போய்விட்டார். அது வைத்தியமில்லை. வலி இருக்கத்தான் செய்யும் என்று தெரிந்திருந்தால் அதற்கு மருந்தும் கையில் இருக்கவேண்டும்.

விடிந்ததும் அந்தப் பெண் டாக்டர் வந்தார். கோப்பைப் பார்த்தார், முகம் மாறியது. மார்ஃபின் எழுதினார். அண்ணன் பதறிப்போய், "அது கடைசி காலத்துல குடுக்கிறது இல்லையா டாக்டர்?" என்று கேட்டார். நாடு முழுக்க இருக்கிற பயம் இது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, மார்ஃபின் இருப்பு வைக்கவே மருத்துவமனைகள் அஞ்சின. அத்தனை லைசென்ஸ், அத்தனை கெடுபிடி. பாப்பிச்செடி விளைகிற தேசத்தில் புற்றுநோயாளிகள் வலியில் கிடந்து செத்தார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகும் பயம் முழுசாகப் போகவில்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: வலிக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் அடிமையாக்காது, வலி குறைந்ததும் குறைத்து நிறுத்தலாம், மூச்சுத் திணறலுக்கும் அது நல்லது, மலச்சிக்கல் வரும், அதற்குச் சேர்த்தே மருந்து தருகிறேன். முதல் மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் நான் ஆழமாக மூச்சிழுத்தேன். நுரையீரல் விரிந்து உறையோடு ஒட்டவேண்டிய நேரத்தில் வலிக்குப் பயந்து அரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பொடி போட்டும் என்ன பயன்?

பாட்டிலில் இறங்குவது நாளுக்கு நாள் குறைந்து, ஒரு டம்ளருக்கும் கீழே வந்ததும் குழாயை எடுத்தார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரே இழுப்பு, நூலை முடிந்து கட்டு.

வீட்டுக்கு வந்தபின் நடந்ததைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது எல்லோரும் வந்து பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்ததும், "எல்லாம் சரியாப் போச்சுல்ல?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் முகம் விழுந்துவிடும். ஆமாம் என்றால் பொய். முதுகெலும்பில் நோய் இருக்கிறது, உறையிலும் இருக்கிறது. ஆனால் நான் தேறிக்கொண்டிருந்தேன், அதுவும் நிஜம். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் ஒருவர் காது கொடுத்துக் கேட்பது அபூர்வம். முள்சீத்தாப் பழத்தைக் கொண்டு வந்து, இது கீமோவைவிடச் சக்தி வாய்ந்தது என்றார்கள். ஒரு பெரியம்மா என் மகளைத் தனியே கூப்பிட்டு, "அம்மாவை இனி தொந்தரவு பண்ணாதீங்கத்தா, நிம்மதியா இருக்கட்டும்" என்றாளாம். தொந்தரவு என்று அவள் சொன்னது பிசியோதெரபி பெண் கொடுத்த பயிற்சியை.

மூன்று நீலப் பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி அது. குழாயை வாயில் வைத்து மூச்சை இழுக்கவேண்டும். ஒவ்வொரு அறையிலும் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். வினாடிக்கு அத்தனை மில்லி காற்றை இழுத்தால் அந்தப் பந்து எழும்பும். ஆரம்பத்தில் முதல் பந்து பாதி ஏறி விழும். மதினி எதிரில் உட்கார்ந்து, "இழு, இழு, இன்னும் கொஞ்சம்" என்பாள். நீரில் போன புரதத்தை ஈடுகட்ட அவித்த முட்டையும் பக்கத்தில் தட்டில் இருக்கும். இரண்டாவது பந்து எழும்பிய நாளில் நான் வாசல் வரை நடந்தேன். கொஞ்ச நாளில் மாடிக்கு ஏறித் துணி காயப்போட்டேன். நடுவில் ஒரு முறை நிற்கவேண்டியிருந்தது. நின்று, மேலே ஏறி, கயிற்றில் துணியை உதறிப் போட்டு, மொட்டைமாடியில் சாயங்காலக் காற்றில் முழு மூச்சு விட்டேன். அது நோயை ஜெயித்தவளின் சந்தோஷம் இல்லை. நோய் உள்ளேயே இருக்க, அதை வைத்துக்கொண்டு துணி காயப்போட்டவளின் சந்தோஷம். இதைக் குறைவான சந்தோஷம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வீட்டுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' நர்ஸ் வர ஆரம்பித்தார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பித்த திட்டம், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுப்பவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வலி, தூக்கம், மலம், மனசு எல்லாவற்றையும் விசாரிக்க வலிநிவாரண நர்ஸ் ஒருவரும் அதில் உண்டு. திண்ணையில் உட்கார்ந்து சாவகாசமாகக் கேட்பார். மார்ஃபினைக் குறைத்து நிறுத்தியது அவர் கண்காணிப்பில்தான். புற்றுக்கான மருந்தையும் மாற்றினார்கள். இப்போது ஃபுல்வெஸ்ட்ரன்ட், மாதம் ஒரு முறை பின்புறம் இரண்டு பக்கமும் ஊசி. இரண்டு நாள் உட்காரக் கஷ்டம், பிறகு பரவாயில்லை.

அந்த அக்டோபரில் ஒரு கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம், 'புற்றை வென்ற பெண்கள்' என்று நிகழ்ச்சி, வந்து பேசவேண்டும் என்றார்கள். எனக்குத் திரும்ப வந்திருக்கிறது, நெஞ்சில் பொடி போட்டு இப்போதுதான் தேறி வருகிறேன், அதைப் பற்றியே பேசுகிறேன் என்றேன். மறுநாள் போன் வந்தது. பேச்சாளர் பட்டியல் நிறைந்துவிட்டதாம், மாணவிகள் பயந்துவிடக்கூடாது என்றும் சொன்னார்கள். எனக்கு மிகவும் மனது விட்டுப்போயிற்று. மேடையில் ரிப்பன் குத்தி உட்கார வைக்க நோய் முடிந்து போனவர்கள் வேண்டும், அது முடியாமல் வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் வேண்டாம். அந்த மாணவிகளில் யாரோ ஒருத்தியின் அம்மா அன்றைக்கு என்னைப் போல நாற்காலியில் உட்கார்ந்து விடிய வைத்திருக்கக்கூடும். அவளுக்குப் போய்ச் சேரவேண்டிய செய்தி என்னிடம் இருந்தது. மூச்சுத் திணறலோடு காலம் தள்ளவேண்டியதில்லை, அதற்கு வைத்தியம் உண்டு என்ற செய்தி.

நைட்டி மட்டும் என்னை விட்டுவிடவில்லை. அந்த வார்டு நர்ஸ் போன் செய்து, "அக்கா, இன்னும் ரெண்டு தைச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார். இடது பக்கம் திறப்பது ஒன்று, வலது பக்கம் திறப்பது ஒன்று என்று தைத்து அனுப்பினேன். பிறகு தெரிந்தவர், தெரியாதவர் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ரவிக்கை தைத்து முடித்த நேரத்தில் மெல்லிய பருத்தியில் அதையும் தைக்கிறேன். நாடாவை இப்போது கொஞ்சம் அகலமாக வைக்கிறேன், நடுங்குகிற விரலுக்கு அவிழ்க்க வசதி.

அப்படி நைட்டி கேட்டுப் போன மாதம் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் பேசினான். அவன் அம்மாவுக்கு மறுநாள் பொடி போடுகிறார்கள். அளவு சொன்னான், எந்தப் பக்கம் என்று சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு என்ன நோய்னு தெரியாது அத்தை. நாங்க சொல்லல" என்றான். அம்மா எங்கே என்று கேட்டேன். பக்கத்தில்தான் படுத்திருக்கிறாராம்.

"தம்பி, நோய் பேரை நான் எடுக்க மாட்டேன். அதை நீங்கதான் உக்காந்து பேசணும், சீக்கிரம் பேசுங்க. இப்ப போனை அம்மாகிட்டக் குடுங்க. நாளைக்கு என்ன செய்வாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மேல்மூச்சு வாங்குகிற ஒரு குரல், "யாரு?" என்றது. நான் யார் என்று சொன்னேன், எனக்கும் இதே பொடி போட்டார்கள் என்றேன்.

"வலிக்குமா தாயி?"

"வலிக்கும்க்கா. நல்லாவே வலிக்கும். அதனால பொடி போடுறதுக்கு முன்னாடியே வலிக்கு மருந்து கேட்டு வாங்கிக்கோங்க. காலையில ரவுண்ட்ஸ் வரும்போதே கேளுங்க, ராத்திரிக்கும் சேத்து எழுதச் சொல்லுங்க. காய்ச்சல் வந்தா பயப்படாதீங்க, ஆனா நர்ஸ்கிட்டச் சொல்லிருங்க. பாட்டிலை வைக்க ஒரு வயர் கூடை கொண்டுவரச் சொல்லுங்க. கட்டிலுக்கு மேல தூக்கவே கூடாது. அப்புறம், அந்த மூணு பந்து குடுப்பாங்க..."

"இரு தாயி, மெதுவாச் சொல்லு" என்றார் அந்த அம்மா. "ஏலே, ஒரு பேப்பர் எடு, எழுது."